மாணவர் மன்றத்துக்கு வேலை கொடுங்கள்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தில்லிப் பள்ளிகள் பலவற்றில் ஒரு விழா நடக்கும். மாணவர் தலைவர், மாணவியர் தலைவி, இல்லத் தலைவர்கள், விளையாட்டுத் தலைவர் என்று பத்துப் பதினைந்து பிள்ளைகள் மேடைக்கு வருவார்கள். தோளில் பட்டை, சட்டையில் பாட்ஜ். தலைமை ஆசிரியர் உறுதிமொழியைச் சொல்லச் சொல்ல, வலது கையை நீட்டியபடி திருப்பிச் சொல்வார்கள். கீழே உட்கார்ந்திருக்கும் பெற்றோர் செல்போனில் படம் எடுப்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு மந்திரிசபையே பதவி ஏற்றது போல இருக்கும்.

மறுநாளிலிருந்து இந்த மந்திரிசபைக்கு என்ன வேலை? காலைப் பிரார்த்தனையில் வரிசையைச் சரி செய்வது, ஷூவுக்குப் பாலிஷ் போடாதவன் பெயரைக் குறித்துக் கொள்வது, ஆசிரியர் வராத பீரியடில் பேசுகிறவன் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது, பெரிய மனிதர் வந்தால் பூங்கொத்துக் கொடுப்பது. அவ்வளவுதான். ஒரு நாள் கூடினார்கள், ஒரு விஷயத்தைப் பேசினார்கள், ஒரு முடிவெடுத்தார்கள், அதை நிறைவேற்றினார்கள் என்று சொல்லும்படி வருடம் முழுவதும் ஒன்றும் இராது.

இவர்களைப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்தார்களா என்றால், பல பள்ளிகளில் அதுவும் இல்லை. ஆசிரியர்கள் கூடிப் பேசுவார்கள். மார்க் எவ்வளவு, இங்கிலீஷ் பேச்சு எப்படி, மேடையில் நின்றால் எடுப்பாக இருக்குமா என்று பார்ப்பார்கள். பட்டியல் தயாராகிவிடும். சில பள்ளிகளில் ஓட்டு உண்டு. ஆனால் ஓட்டு எண்ணி முடிந்த அன்றே மன்றத்தின் வேலையும் முடிந்துவிடும்.

இதற்கு மாணவர் மன்றம் என்ற பெயர் பொருந்தாது. பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த மன்றத்துக்குச் சின்னதாக ஒரு பொறுப்பும், கொஞ்சம் பணமும், தீர்மானம் எழுத ஒரு புத்தகமும் கொடுக்க வேண்டும். இந்த நான்கும் இல்லாத மன்றம் அலங்காரம்தான். நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் இதை நாம் கேட்டுப் பெற வேண்டும் என்பதே இங்கே சொல்ல வருவது.

நமக்கு ஏன் இந்தக் கவலை?

பிள்ளைகள் விளையாட்டுக்கு இவ்வளவு பெரிய பேச்சா என்று சிலர் நினைக்கலாம். பிழைப்புக்காகத் தலைநகரம் வந்த நமக்கு இது விளையாட்டுச் சமாசாரம் அல்ல.

நம்மவர்களில் மத்திய அரசு அலுவலகத்துக் குமாஸ்தா இருக்கிறார். ஆஸ்பத்திரி நர்ஸ் இருக்கிறார். டிரைவர், எலக்ட்ரீஷியன், வீட்டு வேலைக்குப் போகும் தாய்மார்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான அனுபவம் ஒன்று உண்டு. ரேஷன் அட்டையில் ஒரு பெயர் விட்டுப் போனாலும் சரி, தெருவுக்குத் தண்ணீர் லாரி வராவிட்டாலும் சரி, குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகினாலும் சரி, மனு எழுதத் தெரிந்தவர் யார், அதிகாரி முன்னால் நின்று இந்தியில் எடுத்துச் சொல்லக் கூடியவர் யார் என்று தேடுகிறோம். ஆள் கிடைக்காவிட்டால் புரோக்கரிடம் போகிறோம். அவருக்குக் கொடுக்கும் நூறும் ஐந்நூறும் வாய் திறக்கத் தெரியாததற்கு நாம் கட்டும் அபராதம்.

நம் சங்கங்களையும் குடியிருப்போர் சங்கங்களையும் பாருங்கள். பொதுக்குழு கூடினால் கோரம் சேருவதில்லை. வந்தவர்களில் இரண்டு பேர் சத்தம் போடுகிறார்கள். மற்றவர்கள் காபி வரும்வரை காத்திருக்கிறார்கள். கணக்குக் கேட்டால் பொருளாளருக்குக் கோபம். கேட்காவிட்டால் உறுப்பினர்களுக்குச் சந்தேகம். தேர்தலில் தோற்றவர் அடுத்த மாதமே தனிச் சங்கம் ஆரம்பித்து விடுகிறார். இவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. கூட்டம் நடத்துவது, எதிர்க்கருத்தை முடிக்கும்வரை கேட்பது, தீர்மானம் எழுதுவது, வவுச்சர் வைத்துச் செலவு செய்வது, தோற்ற பிறகும் உறுப்பினராகத் தொடர்வது ஆகிய பழக்கங்கள் பலருக்குச் சிறு வயதில் கிடைக்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் கற்றுக் கொள்வது சிரமமாக இருக்கிறது.

நம் பிள்ளைகளின் நிலைமை இன்னும் கடினம். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் இங்கிலீஷ். உச்சரிப்பைக் கேட்டு நாலு பேர் சிரித்தால் போதும், அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு கை தூக்காது. பரீட்சைத் தாளில் எல்லாம் எழுதும். பலர் முன்னால் ஒன்றும் பேசாது. பத்துப் பேர் கொண்ட ஒரு கழகத்தில், தனக்குப் பிடித்த விஷயத்தைப் பற்றித்தான் அது முதலில் வாய் திறக்கும். அங்கே திறக்கவில்லை என்றால் பின்னால் திறப்பது சந்தேகம்.

வாய் திறக்காததன் விலை பள்ளிக்குள்ளேயே தெரிகிறது. மாணவியர் கழிப்பறையில் தாழ்ப்பாள் உடைந்திருக்கும். முந்நூறு பெண்களுக்கும் அது தெரியும். ஆனால் யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று ஒருத்திக்கும் தெரியாது. தண்ணீர் குடித்தால் போக வேண்டியிருக்கும் என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் உண்டு. ஒரு தாழ்ப்பாளின் விலை என்ன? அதைக் கேட்டுப் போட வைப்பதற்கு ஒரு மன்றம் இருந்தால், அந்தப் பெண்கள் கற்பது குடிமைப் பாடப் புத்தகத்தில் இல்லாத பாடம்.

1953-லேயே சொன்னார்கள்

இது யாரோ புதிதாகக் கண்டுபிடித்த யோசனை அல்ல. மேல்நிலைக் கல்வியை ஆராய மத்திய அரசு 1952-ல் ஒரு குழுவை நியமித்தது. அதற்குத் தலைவர் நம் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார். மருத்துவத்தில் பேர் பெற்றவர். 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். முதலியார் கமிஷன் என்று எல்லோரும் சொல்லும் அந்தக் குழு 1953-ல் அறிக்கை கொடுத்தது.

இல்ல முறை, மாணவர் தலைவர்கள், மாணவர் மன்றங்கள் ஆகியவற்றின் மூலம் சுயாட்சிப் பழக்கத்தை எல்லாப் பள்ளிகளிலும் கொண்டுவர வேண்டும் என்று அது சிபாரிசு செய்தது. நடத்தை விதிகளை வகுப்பதும் அவை கடைப்பிடிக்கப்படுவதைப் பார்த்துக் கொள்வதும் மன்றத்தின் பொறுப்பு என்றது. பாடத்துக்கு வெளியே உள்ள கழக வேலைகள் கல்வியின் பிரிக்க முடியாத அங்கம் என்றும், எல்லா ஆசிரியர்களும் அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. விதிகளைப் பிள்ளைகளே வகுக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். மற்றவர்கள் போட்ட விதியை மீறியவன் பெயரை எழுதிக் கொடுப்பதோடு மன்றத்தின் வேலை முடிந்துவிட வேண்டும் என்று அந்தக் குழு சொல்லவில்லை.

தில்லிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1962-ல் பம்பாயில் கூடிய அகில இந்தியக் கொறடாக்கள் மாநாட்டின் சிபாரிசின் பேரில், மாணவர்களுக்கான இளைஞர் நாடாளுமன்றப் போட்டி 1966-67-ல் தில்லிப் பள்ளிகளில்தான் முதலில் தொடங்கப்பட்டது. கேந்திரிய வித்யாலயாக்களுக்கு 1988-ல் தனித் திட்டம் வந்தது. சபாநாயகர், ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, கேள்வி நேரம் என்று பிள்ளைகள் சபை நடத்திக் காட்டுகிறார்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் அங்கே கேட்கும் கேள்வி நாட்டு வெளியுறவைப் பற்றியது. எழுதி மனப்பாடம் செய்த கேள்வி, எழுதி மனப்பாடம் செய்த பதில். தங்கள் பள்ளிக் குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்க அந்தச் சபையில் இடமில்லை.

1989-ல் 61-வது அரசியல் சட்டத் திருத்தம் வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்தது. அதாவது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை சில மாதங்களில் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கும் குடிமகனாகிவிடுகிறது. 2018-ல் தேர்தல் கமிஷன் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பள்ளிகளில் வாக்காளர் கல்விக் கழகங்களைத் தொடங்க ஏற்பாடு செய்தது. ஓட்டின் மதிப்பைச் சுவரில் எழுதிப் போடுவதை விட, தான் போட்ட ஓட்டால் வந்த தலைவி தாழ்ப்பாளை மாட்ட வைத்தாள் என்பதைக் கண்ணால் காண்பது பெரிய பாடம்.

மார்க் போய்விடுமா?

பெற்றோர் சொல்லும் முதல் ஆட்சேபம் இது. "படிக்க அனுப்பினோம், சங்கம் நடத்த அல்ல." வாடகை கட்டி, பஸ் பாஸ் எடுத்துக் கொடுத்து, டியூஷனுக்கும் பணம் கட்டும் தகப்பனார் இப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என்.சி.சி.யில் சேர்ந்தால் சர்டிபிகேட் கிடைக்கும், வேலைக்கு உதவும் என்று அதற்கு மட்டும் சம்மதிப்பார். தமிழ் மன்றம், அறிவியல் கழகம் என்றால், "அதற்குச் சர்டிபிகேட் உண்டா?" என்பார்.

கேந்திரிய வித்யாலயாக்கள் பெரும்பாலானவற்றில் நான்கு இல்லங்கள் உண்டு: சிவாஜி, தாகூர், அசோகா, ராமன். அந்த ராமன் யார்? திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன். 1907-ல் பதினெட்டு வயதில் கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியாக வேலையில் சேர்ந்தவர். நம்மைப் போலவே பிற மாநிலத்துக்கு உத்தியோகத்துக்குப் போன தமிழர்தான். அந்த ஊரில் 1876-ல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் ஆரம்பித்த விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் ஒன்று இருந்தது. ஆபீஸ் நேரம் போக மற்ற நேரத்தில் ராமன் அங்கே போய் ஆராய்ச்சி செய்தார். பத்து வருடம் இப்படி இரட்டை வேலை பார்த்த பிறகு, 1917-ல் உத்தியோகத்தை விட்டுப் பேராசிரியரானார். 1928-ல் ராமன் விளைவைக் கண்டதும் அதே சங்கத்தின் கூடத்தில்தான். 1930-ல் நோபல் பரிசு வந்தது. ஒரு சங்கத்தின் கதவு ஆபீஸ் நேரத்துக்குப் பிறகும் திறந்திருந்ததால் கிடைத்த பலன் இது. எல்லோரும் ராமன் ஆக முடியாது. ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம் கழகத்தில் இருந்ததால் எந்தப் பிள்ளையின் வாழ்க்கையும் கெட்டுவிடாது.

அரசியல் வந்துவிடுமா?

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் பலமானது. தில்லியில் இருப்பவர்களுக்கு மாணவர் தேர்தல் என்றதும் பல்கலைக்கழகத் தேர்தல்தான் நினைவுக்கு வரும். கார் ஊர்வலம், பணம், அடிதடி. 2006-ல் முன்னாள் தலைமைத் தேர்தல் கமிஷனர் லிங்டோ தலைமையிலான குழு, கல்லூரித் தேர்தலில் ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது, அச்சடித்த சுவரொட்டி கூடாது என்றெல்லாம் வரம்பு கட்டியது. ஆனாலும் 2024-ல் என்ன நடந்தது? செப்டம்பர் 27-ந் தேதி தில்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத்துக்கு வாக்குப் பதிவு நடந்தது. பிரசாரத்தில் பாழாக்கிய சுவர்களைச் சுத்தம் செய்யும்வரை ஓட்டு எண்ணக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடுத்தது. நவம்பர் 25-ந் தேதிதான் எண்ணினார்கள்.

இதைப் பார்த்துப் பெற்றோர் பயப்படுவது இயற்கை. ஆனால் யோசித்துப் பாருங்கள். சுவரைப் பாழாக்கிய அந்த இளைஞர்களில் எத்தனை பேர் பள்ளியில் ஒழுங்கான தேர்தல் ஒன்றைப் பார்த்திருப்பார்கள்? பதினெட்டு வயது வரை தேர்தலையே காட்டாமல் வைத்திருந்து, திடீரென்று கட்சிக்காரர் கையில் ஒப்படைத்தால் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? நீச்சல் தெரியாதவனை யமுனையில் தள்ளிவிட்டு, தண்ணீரைக் குறை சொல்வதில் பயனில்லை.

பள்ளிக்குள் கட்சி வரக் கூடாது என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்ட மாணவர்களை அரசியல் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தேர்தல் குற்றமாக்கச் சட்டம் செய்ய வேண்டும் என்று முதலியார் கமிஷனே சொன்னது. மாணவர் மன்றம் வேண்டும் என்று சிபாரிசு செய்ததும் அதே கமிஷன்தான். இரண்டுக்கும் முரண்பாடு கிடையாது. கட்சிக்குக் கதவைச் சாத்தலாம். பிள்ளைகளின் வாயைச் சாத்த வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

முதலாவது, ஓட்டு ரகசியமாக இருக்க வேண்டும். மடித்த காகிதமும் பூட்டிய பெட்டியும் போதும். மார்க் நிபந்தனை கூடாது. தொண்ணூறு மார்க் வாங்குகிறவன்தான் நிற்கலாம் என்றால், மற்றவர்கள் பிறர் ஆளப் பிறந்தவர்கள் என்று பதினான்கு வயதிலேயே முத்திரை குத்துவதாகும். கணக்கில் நாற்பது வாங்கும் பையன் விளையாட்டு விழாவில் இருநூறு பேரைச் சமாளிப்பதை நாம் பார்த்ததில்லையா?

இரண்டாவது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பொறுப்பாளர்கள் மாற வேண்டும். அப்போதுதான் அதிகம் பேருக்குப் பழக்கம் வரும். பெண்கள் படிக்கும் பள்ளிகளில் பாதி இடம் அவர்களுக்கு இருக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஒரு பிரதிநிதி வேண்டும். பெரிய பையன்கள் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக் கொள்ளும்போது பின்னால் நிற்பது அவர்கள்தான்.

மூன்றாவது, கொஞ்சம் பணம். ஆண்டுக்கு இரண்டாயிரம் ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். தலைவர், செயலாளர், பொறுப்பாசிரியர் மூவரும் கையெழுத்திட்டால்தான் செலவு. ரசீது ஒட்டிய நோட்டு. மாதா மாதம் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். பத்து ரூபாய்க்கு ரசீது வைக்கப் பழகிய கைதான் பின்னால் பத்து லட்சத்துக்கும் வைக்கும்.

நான்காவது, தீர்மானப் புத்தகம். மாதம் ஒரு கூட்டம். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், என்ன முடிவு என்று எழுத வேண்டும். தலைமை ஆசிரியர் பதினைந்து நாளில் அதே புத்தகத்தில் பதில் எழுத வேண்டும். முடியும் என்றால் எப்போது, முடியாது என்றால் ஏன். "முடியாது, காரணம் இது" என்ற பதிலும் ஒரு மரியாதைதான். ஆபீஸில் பைலுக்குப் பதில் வராமல் காத்திருக்கும் குமாஸ்தாவுக்கு இதன் அருமை தெரியும்.

ஐந்தாவது, வேலை கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும். தில்லி அரசுப் பள்ளிகள் பலவற்றில் காலையில் மாணவியர், மாலையில் மாணவர் என்று ஒரே கட்டிடத்தில் இரண்டு ஷிப்டு நடக்கிறது. பெஞ்சை உடைத்தது யார், அறையைக் குப்பையாக்கியது யார் என்று ஒரு ஷிப்டு இன்னொரு ஷிப்டைக் குறை சொல்வது வழக்கம். இரண்டு ஷிப்டுப் பிரதிநிதிகளும் மாதம் ஒரு முறை பதினைந்து நிமிஷம் சந்தித்தால் பாதிச் சண்டை தீரும். குடிதண்ணீர், நூலக நேரம், காணாமல் போன பொருள்கள், புதிதாக ஊரிலிருந்து வந்து இந்தி தெரியாமல் விழிக்கும் பிள்ளைக்கு ஒரு துணை ஆகியவற்றையும் மன்றத்திடம் விடலாம். பரீட்சையும் ஆசிரியர்களின் உத்தியோகமும் மன்றத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை என்பதையும் முதலிலேயே எழுதி வைத்துவிடலாம். ஒரு பையனைத் தண்டிக்கும் அதிகாரமும் மன்றத்துக்கு வேண்டாம்.

தமிழ் மன்றங்களும் அப்படியே

தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923-ல் தொடங்கியது. அதன் ஏழு பள்ளிகளிலும், தமிழ் சொல்லிக் கொடுக்கும் வேறு இடங்களிலும் தமிழ் விழாக்கள் நடக்கின்றன. பொதுவாகத் தமிழ் மன்ற விழா என்றால் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான்: ஆசிரியர் எழுதிக் கொடுத்த பேச்சு, ஒரு நடனம், ஒரு குறள் ஒப்பித்தல், பரிசு. பிள்ளைக்கு அங்கே குரல் மட்டும்தான் சொந்தம்.

மன்றத்தைப் பிள்ளைகளிடமே விட்டால் என்ன? ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தட்டும். ஆசிரியர் குழு, படம் போடுகிறவர், பிரதி எடுக்கிறவர் எல்லோரும் அவர்களே. பிழை இருக்கும், 'ல'வும் 'ழ'வும் இடம் மாறும். இருக்கட்டும். பாட்டி ஊரிலிருந்து தில்லிக்கு ரயிலில் வந்த கதையை ஒரு பெண் தன் தமிழில் எழுதினால், அது ஒப்பித்த பத்துப் பேச்சுக்கு மேல். மொழி பரீட்சைத் தாளில் மட்டும் உயிரோடு இருக்க முடியாது. நாலு பேர் கூடி ஏதாவது காரியம் செய்யும்போதுதான் அது நாவில் நிற்கும்.

பெற்றோருக்கு

பள்ளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் பக்கத்திலும் திருத்திக் கொள்ள வேண்டியவை இருக்கின்றன. மகன் தேர்தலில் நிற்கிறான் என்றால் பேச்சை நாம் எழுதிக் கொடுக்கக் கூடாது. வகுப்புக்கு வழங்கச் சாக்லேட் டப்பா வாங்கித் தரவும் கூடாது. ஓட்டுக்கு விலை பேசக் கற்பிப்பது அங்கேதான் ஆரம்பமாகிறது. மகள் கழகக் கூட்டத்துக்காக அரை மணி நேரம் தங்க வேண்டும் என்றால், "பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்காமல், எப்படிப் பத்திரமாக வீடு திரும்புவாள் என்று பள்ளியோடு பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். தோற்று வந்தால், "ஆசிரியர் வேண்டியவனுக்குச் செய்துவிட்டார்" என்று நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஜெயித்தவனோடு சேர்ந்து வேலை செய் என்று அனுப்ப வேண்டும். நம் சங்கங்களில் இல்லாத குணம் நம் பிள்ளைகளிடமாவது வரட்டும்.

பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கு நாம் போகிறோம். மார்க் ஷீட்டைப் பார்க்கிறோம், கையெழுத்துப் போடுகிறோம், திரும்பி விடுகிறோம். அரை நாள் சம்பளத்தை விட்டு வருகிறவர்கள் உண்டு. அடுத்த முறை போகும்போது இன்னொரு கேள்வியும் கேட்டுவிட்டு வாருங்கள். "மாணவர் மன்றத்தின் தீர்மானப் புத்தகத்தைப் பார்க்கலாமா?" என்று பணிவாகக் கேளுங்கள். புத்தகம் இருந்தால் படித்துப் பார்த்து இரண்டு நல்ல வார்த்தை சொல்லுங்கள். இல்லை என்று சொன்னால், ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.